ஆளுக்கொரு காது

"பாட்டே இல்லாத ஆல்பம். அதுதான் இதோட அழகே!" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆல்பத்தில் ஏழு பாட்டு. ஏழையும் பாடியவள் அவள்தான்.

ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. கூட்டத்தின் விதி அப்படி.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை, நாலே பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில், விடுமுறை விட்ட மூக்குக் கண்ணாடிக் கடையில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆல்பம் மாற்றிக்கொள்வார்கள். கடைக்காரர், பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக், வங்கியில் கேஷியராக இருக்கும் அவர் மனைவி. கொண்டுவரும் பென் டிரைவைக் கடையில் கிடக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிட வேண்டும். கூடுகளை மேஜையில் கலைத்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துப் போக வேண்டும். தம்பதிக்கு மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கூடு. பாடியவர் பெயரும் இருக்காது, கொண்டுவந்தவர் பெயரும் இருக்காது.

"பேரைப் பார்த்துட்டா அப்புறம் எவன் காதால கேட்கிறான்?" என்பது கடைக்காரரின் கட்சி.

அடுத்த ஞாயிறு வந்து, என்ன கேட்டோம், என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். 'நல்லா இருந்துச்சு' என்று மொட்டையாகச் சொன்னால், சொன்னவர்தான் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

டாக்டர் போன வாரம் கூட்டுக்குள் போட்டது தன் சொந்த ஆல்பத்தை. கிளினிக்கை மூடிவிட்டு மாலை மாலையாகத் தம்பியின் ஒலிப்பதிவு அறையில் நின்று பாடியது. மெட்டும் அவளுடையதுதான். எல்லாம் தயார். அவள் குரலையே வைப்பதா, வேறொரு பாடகியை வைத்துத் திரும்பப் பாடவைப்பதா என்பது மட்டும் பாக்கி. "திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு அக்கா, இதுக்கு மேல தள்ள முடியாது" என்று தம்பி கழுத்தில் கத்தி வைத்திருந்தான். "உன் குரலுக்கு என்ன குறைச்சல்?" என்றும் சொன்னான். தம்பி வேறு எப்படிச் சொல்வான்? தன்னைத் தெரியாத ஒரு காது அவளுக்கு வேண்டியிருந்தது. கூட்டத்திலேயே கறாரான காது மெக்கானிக்குடையது. மூடி கீறிய அவள் கூடு அவர் கைக்கே போனதை அவள் பார்த்திருந்தாள்.

இப்போது அந்த மெக்கானிக், வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பாட்டே இல்லை என்கிறார். கடைவாய்ப் பல் சொத்தை. நாளை மதியம் அவளிடமே வரப்போகிறார்.

"வயலின் ஒண்ணு, கையால தட்டுற சின்ன மேளம் ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார். "யாரையும் பாட விடாம விட்டாங்க பாருங்க, அவங்களுக்குக் கோயிலே கட்டலாம். இதுல ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா எல்லாம் நாசம்!"

டாக்டரின் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஏங்க, பல்வலி மாத்திரை தலைக்கு ஏறிடுச்சா?" என்றார் மனைவி. "அது முழுக்கப் பாட்டுதானே! வாத்தியம்தான் ஒண்ணுமே இல்ல."

"என்னது, பாட்டா?"

"ஆமா. ஒரே ஒரு பொண்ணு. பக்கவாத்தியம் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. தனியா நின்னு பாடுறா. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல அப்படியே நிறுத்திடுறா. யாரோ பதில் சொல்லணும்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. பதிலே வரல. மூணாவது பாட்டுல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பஸ்ல பக்கத்துல இருந்த இவர் ஜம்முனு தலையாட்டிக்கிட்டு வர்றார்!"

"தலையாட்டினது வயலினுக்கு."

"எங்க இருந்துச்சு வயலின்?"

"உன் மூக்குக்கு முன்னாடிதான் இருந்துச்சு. நீ தூங்கிட்டு வந்திருப்ப."

"நான் தூங்கினேனா? நீங்கதானே வாயைப் பொளந்துக்கிட்டு என் தோள்ல சாய்ஞ்சீங்க!"

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அழுதேன் என்று ஒருவர் சொல்லும்போது நெஞ்சு நிறைகிறது. பாடாமல் விட்டார்களே என்று இன்னொருவர் சொன்ன சொல் இன்னும் குத்துகிறது. ஆனால் ஒரே ஆல்பத்தைப் பற்றி இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வயலினும் இருந்தது, மேளமும் இருந்தது, அவளும் பாடினாள்.

"ரெண்டு பேரும் வேற வேற ஆல்பம் கேட்டிருக்கீங்க" என்று தீர்ப்புச் சொன்னார் கடைக்காரர்.

"ஒரே பென் டிரைவ், ஒரே போன், ஒரே பஸ், ஒரே சீட்டு!" என்றார் மனைவி. "வேணும்னா இங்கேயே போட்டுப் பாருங்க அண்ணே. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

கடைக்காரர் பென் டிரைவை வாங்கித் தன் ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். ஃப்ரேம் மாட்டும் அலமாரியின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். மூன்றாவது பாட்டை வைத்தார்.

வயலின் வந்தது. பின்னாலேயே மேளம். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இந்த இடத்தில்தான் குரல் நுழைய வேண்டும்.

நுழையவில்லை. வயலின் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சொன்னேன்ல!" மெக்கானிக் பல்வலியை மறந்து மேஜையைத் தட்டினார்.

அவர் மனைவியின் முகம் சுருங்கிப் போனது. "சத்தியமா கேட்டேங்க" என்றார், குரலே எழும்பாமல். "டாக்டர், நீங்களாவது நம்புறீங்களா? ஒரு பொண்ணு பாடினா. லேசா கரகரப்பு. எனக்கு என்ன பைத்தியமா?"

டாக்டர் அலமாரிப் பக்கம் திரும்பினாள். அலமாரிக் கண்ணாடிகளில் அவள் முகமே பத்துப் பன்னிரண்டாகத் தெரிந்தது. எல்லா முகமும் திருதிருவென்று விழித்தது. ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாம் பாடினோமா, பாடுவதாக நினைத்துக்கொண்டு மைக் முன்னால் சும்மா நின்றோமா?

"ஒரு போன் பண்ணிட்டு வந்துடுறேன்" என்று ஷட்டருக்கு அடியில் குனிந்து தெருவுக்கு வந்தாள்.

"டேய், என் குரல் எங்கடா?"

"என்ன அக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆல்பத்துல இருந்த குரலைக் கேட்கிறேன். நான் எடுத்துட்டு வந்ததுல வெறும் வயலின்தான் வருது. ஆனா ஒருத்தர் வெறும் குரல்தான் வருதுன்னு சொல்றாங்க. எனக்குத் தலை சுத்துது."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "எந்த பென் டிரைவை எடுத்துட்டுப் போன? மேஜை மேல இருந்ததா, கம்ப்யூட்டர்ல சொருகி இருந்ததா?"

"சொருகி இருந்தது."

"போச்சு! அது என் வேலைக்கு வச்சிருக்கிறது. குரலைத் தனியா, வாத்தியத்தைத் தனியா சரிபார்க்கணும்ல? அதனால உன்னை இடது பக்கம் முழுசா தள்ளி, வாத்தியத்தை எல்லாம் வலது பக்கம் தள்ளி வச்சிருக்கேன். ஒழுங்கா கலந்ததுதான் மேஜை மேல இருந்துச்சு."

டாக்டர் திரும்பக் குனிந்து உள்ளே போனாள். "நீங்க ரெண்டு பேரும் பஸ்ல எப்படிக் கேட்டீங்க?" என்று கேட்டாள்.

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்தார். ஒரே ஒயர், முனையில் இரண்டு. "எப்பவும் போலத்தான். இவ ஜன்னல் ஓரம் உட்காருவா, இடது அவளுக்கு. வலது எனக்கு."

"எப்பவுமேவா?"

"கல்யாணம் ஆனதுல இருந்தே."

ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் தம்பியிடம் கேட்டதாகச் சொல்லி, இடது பக்கம் குரல், வலது பக்கம் வாத்தியம் என்று டாக்டர் விளக்கினாள். பிறகு மனைவிதான் ஆரம்பித்தார். "அதான் பார்த்தேன்! நான் சொல்றது எதுவும் இந்த மனுஷனுக்கு முழுசாப் போய்ச் சேர்ந்ததே இல்ல!"

"ஏம்மா, அது மட்டும் எனக்கு ரெண்டு காதுலயும் நல்லாவே விழுது."

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஆம்ப்ளிஃபயரில் என்ன கோளாறு? அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார். வெள்ளையடிக்க வந்தவர்கள் அலமாரியை நகர்த்தியபோது இடது பெட்டியின் ஒயர் அறுந்திருந்தது.

"அப்போ வெள்ளையடிச்சதுல இருந்து நான் கேட்டது எல்லாம் பாதிதானா?" அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "போன வாரம் ஒரு ஆல்பத்தை, 'அடக்கமான இசை, தேவையில்லாம ஒரு சத்தம் இல்ல'ன்னு வாயாரப் புகழ்ந்தேனே!"

"அது நான் கொண்டு வந்தது" என்று வாய்தவறிச் சொன்ன மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதுல நாப்பது பேர் வாசிச்சாங்க அண்ணே."

"சரி, இப்போ ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு மூணாவது பாட்டை மட்டும் கேளுங்களேன்" என்றாள் டாக்டர், சாதாரணமாகக் கேட்பது போல.

"அதெல்லாம் கூடாது" என்று கடைக்காரர் குறுக்கே விழுந்தார். பட்ட அவமானத்தில் அவருக்கு விதி இன்னும் இறுகிவிட்டது. "நின்ன இடத்துல தீர்ப்புச் சொல்ற வழக்கமே இங்க கிடையாது. வீட்டுல முழுசா கேளுங்க. அடுத்த ஞாயிறு சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு! தம்பியின் கெடு நாளை மாலை. நாளைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றால், ஏன் என்று கேட்பார்கள். டாக்டர் வீட்டுக்குப் போய்த் துணி மடித்தாள். அழுததாகச் சொன்னவர் வாத்தியத்தைக் கேட்கவில்லை. புகழ்ந்தவர் குரலைக் கேட்கவில்லை. ஆக, அவள் ஆல்பத்தை இதுவரை ஒருவருமே கேட்கவில்லை!

மறுநாள் மதியம் தம்பதி கிளினிக்குக்கு வந்தார்கள். மெக்கானிக்கின் கன்னம் பன்னாக உப்பியிருந்தது.

"கேட்டாரா?" என்று மனைவியிடம் மெல்ல விசாரித்தாள் டாக்டர்.

"அதை ஏன் கேட்கிறீங்க! நேத்து முழுக்க ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். திரும்பத் திரும்ப அதையேதான். என்னங்க தோணுதுன்னா, 'குழப்பமா இருக்கு, ஞாயித்துக்கிழமை சொல்றேன்'கிறார். எனக்கும் கொடுத்தார். எனக்கும் குழப்பம்தான். அந்தப் பொண்ணு தனியா நின்னதே நல்லா இருந்துச்சோன்னு தோணுது, இல்லையோன்னும் தோணுது."

மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்தார். மரத்துப்போக ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் பாதி முகம் செத்துவிட்டது. இனி கேட்டாலும் பதில் வராது. டாக்டர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, தலைக்கு மேல் விளக்கை இழுத்து, டிரில்லைக் கையில் எடுத்தாள். மேஜையில் இருந்த போனைப் பார்த்தாள். தம்பி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவான்.

டிரில்லைக் கீழே வைத்தாள்.

மாஸ்க்குக்குள்ளேயே, மெதுவாக, மூன்றாவது பாட்டின் முதல் வரியைப் பாடினாள்.

மெக்கானிக்கின் கண்கள் பெரிதாகின. வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "ஆ... ஆ?"

"பேசாதீங்க. வாயைத் திறந்தே வைங்க."

வரி முடிந்து, வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். ஏ.சி.யின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஏன்தான் ஆரம்பித்தோமோ என்றிருந்தது அவளுக்கு.

அப்போது மெக்கானிக் மூக்கால் முனகினார். வலி என்று நினைத்துக் குனிந்தாள். வலி இல்லை. அந்த இடத்தில் வயலின் சொல்லும் பதில் அது. பாதி முகம் மரத்துப்போய், வாயில் பஞ்சோடு, சுருதி கொஞ்சம் விலகி, ஆனால் ஒரு சுரம் கூட விடாமல் வந்தது. அதை முடித்துவிட்டு, ஒரு விரலைத் தூக்கி ஆட்டினார். ம், மேலே போங்க.

இரண்டாவது வரியைப் பாடும்போது கதவு திறந்தது. அவர் மனைவி வாசலில் நின்றார்.

"டாக்டர்... அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தவர், நாற்காலியிலிருந்து பதில் எழும்பியதும் நிறுத்திக்கொண்டார். கணவரையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்குத்தான் நிறுத்தினாளா?" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றுகொண்டார்.

போன் அடித்தது. டாக்டரின் கையில் உறை. மனைவிதான் எடுத்து அவள் காதோடு வைத்தார்.

"அக்கா, முடிவா சொல்லிடு. உன் குரலா, வேற ஆளா?"

"என் குரல்தான். என் பேரையே போடு."

"நேத்து அவ்வளவு குழம்பின?"

"இன்னும் குழப்பம்தான். நீ போடு."

"சரி. அது என்ன அக்கா, பின்னாடி ஒரு சத்தம்? நோயாளி கத்துறாரா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியில் மேளத்தையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லடா," என்றாள். "வயலின்."