பன்னிரண்டு காட்டிய ரத்தம்

அறைக்குள் நுழைந்ததுமே பிரேமாவதிக்குப் பாதி நோய் போன மாதிரி இருந்தது. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரி வரை வந்தது வீண் போகவில்லை. நாற்காலியில் இருந்த டாக்டர் யோகேந்திரன் நம்ம தமிழ்ப் பிள்ளை.

பாடாங் செராய் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தேய்ந்த இடுப்பு அவளுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன் அதில் வைத்த உலோக மூட்டு உரசி உரசி, கொபால்ட் என்கிற சனியன் ரத்தத்தில் கலக்கிறதாம். காது இரைச்சல், விரல் மரப்பு எல்லாம் அதன் கைங்கரியம். ரத்தப் பரிசோதனையில் இரண்டு தடவை அது ஏழுக்கு மேல் காட்டினால் மூட்டு செய்த கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும். ஆனால் மார்ச் முடிவதற்குள் மனுப் போட வேண்டும். தீபாவளிக்கு முன் எடுத்த ரத்தம் பதினொன்று காட்டியது. போன வாரத்து ரத்தம் பன்னிரண்டு. முருகனுக்குக் கை பன்னிரண்டு என்று பூரித்துப் போய் வாயைத் திறந்தாள்.

"போன வாரம் ஊசி இரும்பு கலந்திருக்கும்னு நர்ஸு மொதக் குழாய் ரத்தத்தக் கொட்டிட்டு அடுத்த குழாயத்தான் அனுப்பினாங்க தம்பி. நானோ இந்த இடுப்புக்காகத் தைப்பூசத்துல நாக்குல வேலே குத்திக்கிட்டவ."

தவளையும் தன் வாயால் கெடும். டாக்டரின் விரல் கம்ப்யூட்டர் மேல் அப்படியே நின்றது.

"வேல் குத்தினது ரத்தம் எடுக்க எத்தன நாள் முந்தி, ஆண்ட்டி?"

"நாலு நாள்."

"அப்ப இந்த ரிசல்ட் செல்லாது. வேற உலோகம் உடம்புல போயிருக்குன்னு எழுதணும். மே மாசம் மறுபடி எடுப்போம்."

"மார்ச்சோட முடியுதே தம்பி. மொத ரத்தம் தீபாவளிக்கு முந்தி எடுத்தது லா. அப்ப ஏது வேலு? அப்பவே பதினொண்ணு காட்டுச்சே."

அவர் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதா ஆண்ட்டி? ஆனா நீங்க சொன்னத நான் மறைச்சா, நம்ம ஆளுக்குச் சலுகை காட்டிட்டான்னு பேசுவாங்க லா."

சீன டாக்டராக இருந்திருந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்திருப்பாள். சொந்தம் என்று நம்பியல்லவா வாயை விட்டாள், பாவி.

அவர் மே மாதத் தேதியை எழுதி நீட்டினார். பிரேமாவதி கைத்தடியை ஊன்றி எழுந்தாள். இடுப்பு கறகறவென்றது.

"கோயில்ல குத்தின வேலு ரெண்டு மணி நேரத்துல வெளிய வந்துருச்சு தம்பி," என்றாள். "அத எடுக்காமலே வந்திருக்கணும். ஒங்ககிட்டப் பேசியிருக்க மாட்டேன்."