பூவில் ஒட்டிய நிறம்

அன்று வயலில் அறுவடை மிஷின் ஓடியதா இல்லையா என்று ஷோபனாவால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உச்சி வெயிலில், கொல்லைக்கு அப்பால், இருக்கையில் யாருமில்லாமல் அது தானாகவே கதிரை விழுங்கிக்கொண்டு வந்ததாகத்தான் ஞாபகம். நாத்தனார் குந்தவையைக் கேட்டால், முதல் நாள் பெய்த புரட்டாசி மழையில் குறுவை நெல் சாய்ந்து கிடந்தது, எந்த மிஷினும் வயலில் இறங்கவில்லை என்பாள். இருக்கலாம். பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத உடம்பு எதையெதையோ பார்க்கும். ஆனால் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது குழந்தையின் கண்கள் திறந்துதான் இருந்தன. மறுநாள் விடிந்தபோது இமைகள் ஊறிய மொச்சையைப் போல உப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் குந்தவை. ஜன்னலைச் சாத்தினாள். நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சச் சொன்னாள். கொல்லையிலிருந்து நந்தியாவட்டை பறித்து வந்து ஈரத்தோடு இமைகளின் மேல் வைத்தாள். அந்த ஊரில் எல்லோருடைய கண்ணும் அந்தப் பூவில்தான் குளிர்ந்திருக்கிறது. ஆனால் அரையிருட்டில், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பூக்களோடு கிடந்த மகளைப் பார்க்க ஷோபனாவுக்கு என்னவோ செய்தது. அறையின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தப் பூக்கள் தன் பக்கம் திரும்புவதுபோல் இருந்தது. அறையில் தாங்கள் மட்டும் இல்லை, மூச்சுவிடாமல் இன்னொன்றும் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதற்கு அவசரமே இல்லை.

சதீஷ் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வந்து பிள்ளையப் பாருங்களேன்."

"தூங்குதுல்ல. தூங்கட்டும்."

"தூங்குதுன்னு எப்படித் தெரியுது உங்களுக்கு? கண்ணே தெரியல."

குந்தவை கூடத்திலிருந்து சிரித்தாள். "மிஷின விட்டு எறங்குனா அவனுக்குக் கையி காலு ஓடாதுடி. பிள்ளைக்கும் ஒரு ஸ்டியரிங் வச்சுக் குடு, தூக்குவான்."

சதீஷ் சிரிக்கவில்லை. அவன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். இங்கே சம்பா அறுப்பு முடிந்ததும் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போனால் திரும்பி வர மாதங்கள் ஆகும்.

பூவை மாற்றும் நேரம் வந்தது. ஷோபனா குனிந்து எடுத்தாள். பூ வரவில்லை, இமையோடு ஒட்டியிருந்தது. பால் தொட்டு நனைத்து மெல்ல இழுத்தபோது கூடவே ஒரு நூல் நீண்டு வந்தது. வெள்ளை இதழ் முழுக்க மஞ்சளும் பச்சையும் கலந்த சீழ்.

அந்த நிறத்தை அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள்.

சித்திரையில் வெளியூர் அறுப்பு முடிந்து வந்த சதீஷுக்கு ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிந்தது. அப்போது அவளுக்கு நாலாம் மாசம். "எஞ்சின் மேலயே உக்காந்து பொழப்ப ஓட்டுறான், சூடு ஏறாம என்ன செய்யும்" என்றாள் குந்தவை. மிஷின் ஓட்டுகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஷோபனா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் தன் கையாலேயே விளக்கெண்ணெய் தடவினாள். பிறகு அவன் மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கினான். எரிச்சல் நின்றது. அந்த நாட்களில் ஒருமுறை வாய்க்காலில் அவன் கைலியை அலசியபோது இதே கறை தண்ணீரில் நூலாகப் பிரிந்து போனது. மீன்குஞ்சுகள் வந்து மொய்த்துவிட்டுச் சட்டென்று விலகின. அதற்குப் பிறகு அவள் உடம்பில் ஒரு வலி இல்லை, ஒரு அரிப்பு இல்லை. ஒன்றுமே இல்லை.

பூவை உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கலரப் பாருங்க."

அவன் பார்த்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது, வயல் பக்கமிருந்து, நெருங்கி நெருங்கி.

"வண்டிய எடுங்க" என்றாள்.

குந்தவை வாசலை மறித்தாள். "உச்சிப் பொழுதுல பச்ச ஒடம்புக்காரி படி தாண்டுவியா? காத்துக் கருப்பு தொட்டிருக்குமோன்னு நானே சாயங்காலம் பூசாரிய வரச் சொல்லியிருக்கேன்."

"வெளியேருந்து வந்து தொட்டது இல்ல அண்ணி. நம்ம வீட்டுக்குள்ளதான் இருந்துருக்கு."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா பானு உப்புநீரால் இமைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவக் கழுவ வந்தது. குழந்தைக்கு ஊசி போட்டு, சீழை டெஸ்டுக்கு அனுப்பினார். முடிவு வந்த பிறகு இருவரையும் உட்காரவைத்தார்.

"இது கொனோரியா. வெட்டை நோய்னு சொல்வாங்க. உடலுறவுல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வரும். பிரசவத்துல பிள்ளையோட கண்ணுக்கு வந்துருக்கு. இடது கண்ணுல கருவிழி புண்ணாயிருச்சு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஓட்டையாயிருக்கும்."

"வெளியூர்லேருந்து வந்தப்ப எரிச்சல் இருந்துச்சு. மாத்திரை போட்டதும் எனக்கு அப்பவே சரியாப்போச்சு மேடம்" என்றான் சதீஷ்.

"வலி போச்சு, நோய் போகல. அரைகுறை மாத்திரைக்கு அடங்கிப் பேசாம இருந்துருக்கு. உங்க சம்சாரத்துக்கு ஒரு அறிகுறியும் காட்டல. பொம்பளைங்கள்ல நெறைய பேருக்கு அப்படித்தான்."

"மாசமா இருந்தப்ப ரத்தமெல்லாம் எடுத்தாங்களே" என்றாள் ஷோபனா.

"அதுல இது தெரியாதும்மா. இதுக்குத் தனியாப் பாக்கணும். எரிச்சல் வந்தப்பவே இவர் வந்து காட்டியிருந்தா ஆளுக்கொரு ஊசியோட முடிஞ்சிருக்கும்." பிறகு சதீஷைப் பார்த்தார். "இப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கணும். ஒருத்தர் விட்டாலும் மத்தவருக்குத் திரும்ப வரும். வெளியூர்ல யாரோட பழகுனீங்களோ, அவங்களுக்கும் சொல்லியாகணும்."

சதீஷ் எழுந்து வராந்தாவுக்குப் போனான். ஜன்னல் திறந்திருந்தது. போனில் அவன் குரல் தாழ்ந்து கேட்டது.

"நான்தான்... நீ போயி டெஸ்ட் எடுத்து ஊசி போட்டுக்க... ஒண்ணும் தெரியாதுதான். அது தெரியாமத்தான் இருக்குமாம்." ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். "உன் வீட்டுக்காரருக்கும் சொல்லு."

ஷோபனா அழவில்லை. பெயர் தெரியாத ஊரில், பெயர் தெரியாத ஒருத்தி, உடம்பில் ஒரு வலியும் இல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு வீடு. அதற்குப் பின்னால் இன்னொரு வீடு. எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது, எல்லோரும் சாப்பிடுகிறார்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் அது பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

சதீஷும் அவளும் சேர்ந்தே ஊசி போட்டுக்கொண்டார்கள். சொன்ன நாளில் மறுபடி போய் இருவரும் பரிசோதனை செய்துகொண்டார்கள், நோய் இல்லை. அவன் இன்னும் மிஷின் ஓட்டுகிறான். அவளோடு தேவைக்கு மட்டும் பேசுகிறான், அவளும் அப்படித்தான். குந்தவை நந்தியாவட்டையைச் சாமிக்கு மட்டும் பறிக்கிறாள். போனில் பேசியவள் என்ன ஆனாள் என்று தெரியாது. சதீஷ் பிறகு அந்த எண்ணுக்குப் போட்டபோது யாரும் எடுக்கவே இல்லை. மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. வலது கண் தப்பியது. இடது கண்ணின் கருவிழியில், உதிர்ந்த இதழ் ஒன்று படிந்ததுபோல் ஒரு வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணுக்குப் பார்வை இல்லை.

சில உச்சி வேளைகளில், வயல் அறுப்பு முடிந்து வெறும் தாளாகக் கிடக்கும்போதும் ஷோபனாவுக்கு அந்தச் சத்தம் கேட்கும். கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் மகள் அப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெள்ளைக் கண்ணைக் கொல்லைப் பக்கம் திருப்புகிறாள்.