மூன்று சொட்டுச் சந்தனம்

அம்மன் திருக்கல்யாணத்துக்குப் புடவை கொடுப்பது ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டு உரிமை. தறியிலிருந்து அறுத்ததும் வீட்டுப் பெரியவர் சந்தனம் கரைத்த பன்னீரை அதன்மேல் விரல்நுனியால் தெளிக்க வேண்டும். இந்த வருஷம் நான் கிண்ணத்தையே சாய்த்துவிட்டேன். அரக்குப் பட்டின் நடுவில் மூன்று பெரிய சொட்டுகள்!

பத்து மணிக்குக் கோயில் சார்பில் புடவை வாங்க ராமராஜன் வருவார்; எங்களுக்கு அடுத்தபடி உரிமை உள்ள நெசவுக்காரர். கறை இருந்தால் உரிமை அவர் வீட்டுக்குப் போய்விடும்.

"ஃபேனைப் போடு! சீக்கிரம் காயட்டும்!" என்று கத்தினேன்.

ஒரு சொட்டு என் கண்ணெதிரே காய்ந்தது. நடுவில் ஒன்றுமில்லை, சந்தனம் முழுவதும் ஓரத்தில் வளையமாக நின்றது.

ஏனாத்தூர்க் கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் மருமகள் காயத்ரி ஓடிவந்து ஃபேனை நிறுத்தினாள்.

"ஓரந்தான் மாமா சீக்கிரம் காயுது. காயக் காய நடுவுல இருக்குற தண்ணி அங்க ஓடிக்கினே இருக்குது. சந்தனத்தையும் இழுத்துக்கினு போய் அங்கயே விட்டுடுது."

"பாடம் அப்புறம் நடத்தும்மா. வளையம் போவுமா?"

"காய விடாம பாத்துக்கினா போவும். பழைய வேட்டி குடுங்க!"

என்னை யாரும் வேலை ஏவியதில்லை. அன்று அவள் ஏவினாள், ஓடினேன். மடித்த வேட்டியைப் புடவைக்கு அடியில் வைத்தேன். வளையத்தையும் தாண்டி அவள் நல்ல தண்ணீரால் நனைத்தாள். மூன்று இடத்திலும் ஈரத்துணி சுற்றிய கிண்ணங்களைக் கவிழ்த்தாள். காற்றுப் படாத தண்ணீர் ஓரத்துக்கு ஓடவில்லை. கீழே வேட்டிக்குள் இறங்கியது. எடுத்துப் பார்த்தால் வேட்டியில் சந்தனத்தின் மஞ்சள் நிறம்! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

நான் நாலாவது வேட்டி கேட்டபோது என் மனைவி ஏலவார்குழலி சிரித்தாள். "இனிமே நீங்க கட்டினு இருக்குறதுதான் பாக்கி!"

கடைசி ஈரத்தை ஒற்றி எடுத்து முடிக்கவும் ராமராஜன் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. மறைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை.

"மூணு சொட்டு கொட்டிட்டேன்பா. எங்கன்னு கண்டுபுடி. புடிச்சிட்டா உரிமை உன்னுது."

அவர் கண்ணாடி போட்டார். வெளிச்சத்தில் விரித்தார், திருப்பினார், தடவினார்.

"ஃபேனையாவது போடக்கூடாதா பெரியவரே? வேர்த்துக் கொட்டுது."

"இன்னிக்கு இந்த வீட்டுல ஃபேன் ஓடாது."

கடைசியில் அவர் குனிந்து மோந்து பார்த்தார். "வாசனை வருது. இடம்தான் தெரியல."

எப்போதும் புடவைத் தட்டை வீட்டுப் பெரியவர் கையால்தான் கொடுப்போம். அன்று நான் தள்ளி நின்றேன்.

"காயத்ரி, நீ குடும்மா."