கேத்தரின் போகாத வழக்கு

கேத்தரின் அக்காவைவிட நான் நான்கு வயது சின்னவள். ஆனாலும் எங்கள் வீட்டில் வாய் எனக்குத்தான். அக்கா பேசவேண்டிய இடத்திலெல்லாம் அல்போன்சா என்கிற நான்தான் பேசியிருக்கிறேன். அவள் பேசியே ஆகவேண்டிய ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் போய் நின்றால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே அவளும் போகவில்லை.

பெங்களூர்த் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. நாங்கள் கத்தோலிக்கர்கள். அக்காவைக் கட்டிய கிளாரன்ஸ் மாமா பிராட்டஸ்டண்ட், தந்தி ஆபீசில் கிளார்க். பிறக்கிற பிள்ளைகளை எங்கள் கோவிலில்தான் வளர்ப்பேன் என்று அவர் எங்கள் பாதிரிச் சாமியார் முன்னால் வாக்குக் கொடுத்த பிறகுதான் கல்யாணமே நடந்தது. அன்றைக்குக் கேட்டிருந்தால் நிலாவைக்கூடப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருப்பார். மௌரீன் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் வாக்கெல்லாம் மறந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், குழந்தைக்கு எந்தக் கோவிலுக்குக் கவுன் மாட்டுவது என்று விடியற்காலையிலேயே அந்த வீட்டில் ரகளை.

முப்பத்திரண்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கோவிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து அக்கா வெளியே வந்தபோது நல்ல மழை. எங்கள் பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் சில்வெஸ்டர் ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து அக்காவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நடந்தது அவ்வளவுதான். அவரைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். தும்மினால் பறந்துவிடும் உடம்பு, பெண்களிடம் பேசவேண்டியிருந்தால் கூரையைப் பார்த்துப் பேசுவார். ஆனால் மாமாவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்தது அதற்கு வசதியாகப் போயிற்று. அன்றைக்கே அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஏழு வயதுக் குழந்தை உள்ளே, தாய் வெளியே. நனைந்த சேலையோடு அவள் என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

நாலு நாளில் கோபம் தணிந்து கூட்டிக்கொண்டு போவார் என்று பார்த்தோம். மார்ச்சில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அக்கா சோரம் போனாள், அதனால் டைவோர்ஸ் வேண்டும், மகளும் தன்னிடமே இருக்கவேண்டும் என்று மாமா மனுப் போட்டிருந்தார். அக்கா சம்மனைக் கையில்கூட வாங்கவில்லை. கோர்ட் ஆள் அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அக்கா நேராகக் கோவிலுக்குத்தான் ஓடினாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"சாமியார் சொல்லிட்டார் அல்போன்சா. எந்தக் கோர்ட்டாலயும் எங்க கல்யாணத்த முறிக்கமுடியாதாம்."

"சரி. கோர்ட்டுக்கு என்னிக்குப் போறோம்?"

"நான் எதுக்குப் போகணும்? நான் போய் நின்னா, முறிக்கிற அதிகாரம் அவங்களுக்கு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் போகலைன்னா அவங்களால ஒண்ணும் பண்ணமுடியாது."

அன்று மாலையே காக்ஸ் டவுனில் இருந்த வக்கீல் சேஷகிரியைப் போய்ப் பார்த்தேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"உங்க மதத்தில கல்யாணம் முறியுமா முறியாதாங்கறது என் வேலை இல்லேம்மா. ஆனா அதே மனுவில குழந்தையையும் கேட்டிருக்கார். ரெண்டுக்கும் ஒரே நாள், ஒரே தீர்ப்பு. எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லேன்னா அவர் சொன்னதெல்லாம் நிஜம்னு ஆயிடும். நடத்தை கெட்டவள்னு எழுதினப்புறம் எந்த ஜட்ஜும் அவ கையில பெண்குழந்தையக் கொடுக்கமாட்டா."

"எங்கக்கா போனா கொடுப்பாங்களா?"

"சட்டம் அப்பன் பக்கம்தான் சாயும். ஆனா இந்த ஜட்ஜ் துரைக்குச் சின்னப் பெண்குழந்தைன்னா மனசு இளகும். உங்க அக்கா வந்து, அது பொய்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"அவளுக்குப் பதில் நான் வந்து சொல்றேனே."

"நீங்க சொன்னா செல்லாதும்மா. அவங்கதான் வரணும்."

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன், திட்டினேன். சோற்றுப் பானையைக்கூட ஒருநாள் தரையில் போட்டு உடைத்தேன். "மௌரீனுக்காகவாவது போயேன் அக்கா" என்று காலைப் பிடித்தேன். அவள் என் தலையைத் தடவி, "மௌரீனுக்காகத்தான் போகல. அவங்கப்பாவும் நானும் பிரிஞ்சவங்கன்னு ஊர் சொன்னா, அவ வளர்ந்து எந்த முகத்தோட நடப்பா?" என்றாள். இந்த உலகத்தில் கெட்டவர்களோடு மல்லுக்கட்டிவிடலாம். இப்படி நல்லவர்களோடு மல்லுக்கட்டத்தான் முடியாது.

சில்வெஸ்டரோ தனக்கும் வந்த சம்மனைக் கண்டதும் கோலாரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்விட்டார். அவரும் வாய் திறக்கவில்லை.

விசாரணை நாளன்று விடிந்ததும் அக்கா குளித்து, கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். மத்தியானம் வரைக்கும் மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாளாம். நான் கோபத்தில் அவளோடு போகவில்லை. வீட்டில் கருவாடு கழுவிக்கொண்டு, பார்க்கிற எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து சேஷகிரி சொல்லி அனுப்பினார். டைவோர்ஸ் கொடுத்துவிட்டார்கள். குழந்தை அப்பனுக்கு. தாய் பார்க்கக்கூட வழி வைக்கவில்லை. மேல்கோர்ட்டு உறுதிசெய்வது வெறும் சடங்குதான் என்றார். அப்படியே ஆயிற்று. சேதி வந்த அன்று அக்கா நம்பவில்லை. மறுநாள் மாமா வீட்டு வாசலில் போய் நின்று "மௌரீன்" என்று கூப்பிட்டாள். மாமா போலீசைக் கூப்பிட்டார். அந்தப் போலீஸ்காரர் எங்கள் கோவிலுக்கு வருகிறவர், அதனால் கைபடாமல் கூட்டிவந்து என் வீட்டில் விட்டார். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

நான் சும்மா இருப்பேனா? சாமியாரிடம் போய்க் கத்தினேன். அவர் வயதானவர், உண்மையிலேயே திகைத்துப்போனார்.

"கோர்ட்டுக்குப் போகாதேன்னு நான் சொல்லலையேம்மா. கல்யாணம் முறியாதுன்னுதான் சொன்னேன். குழந்தைக்காகத் தாராளமாப் போயிருக்கலாமே. அவ கேட்டிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. இடையில் ஒரு குழந்தை போயிற்று. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

சேஷகிரி விடவில்லை. குழந்தையை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க அனுமதி கேட்டுத் தனியாக மனுப் போடலாம் என்றார். ஆனால் அதை 'கிளாரன்ஸின் முன்னாள் மனைவி' என்றுதான் தொடங்கவேண்டும், விசாரணையில் கேட்டால் அதையே வாயாலும் சொல்லவேண்டும். அக்கா மாட்டேன் என்றாள். "நான் அவர் மனைவிதான், செத்தாலும் மனைவிதான்." அதற்குள் மாமா வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குடித்தனமும் நடத்த ஆரம்பித்துவிட்டார். இவள் மட்டும் மோதிரத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வருஷம் ஒன்று அப்படியே ஓடிற்று.

ஒருநாள் கமர்ஷியல் தெருவில் வளையல் வாங்கிக்கொண்டிருந்தோம். எதிரே மாமாவின் புதுப் பெண்டாட்டி போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மௌரீன். ஒரு சாண் வளர்ந்திருந்தது. தலையை வேறு மாதிரி வகிடெடுத்துப் பின்னியிருந்தார்கள். அக்காவை நிமிர்ந்து பார்த்தது, அப்புறம் குனிந்துகொண்டு அந்தப் புதுப் பெண்டாட்டி கூடவே நடந்துபோய்விட்டது. அக்கா அளவுபார்க்கப் போட்ட வளையலைக் கழற்றாமலே, "சேஷகிரி வீட்டுக்குப் போகலாம் வா" என்றாள்.

கோர்ட்டில் நானும் இருந்தேன். பழைய துரை மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்திருந்தார். "நீ கிளாரன்ஸின் முன்னாள் மனைவிதானே?" என்று துரை கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார். அக்கா மோதிரத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு "ஆமாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் பத்து வயது மூத்துப்போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் ஒருமணி நேரம், என் வீட்டில், மாமா வீட்டு ஆயா கூட இருக்கப் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. இதையே முதலில் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். இல்லை, இதைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது, முதல் விசாரணைக்கு வந்து அது பொய் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

முதல் சனிக்கிழமைக்கு அக்கா அச்சு முறுக்கு மாதிரி ரோஸ் குக்கி சுட்டாள். நான் தெருவில் நின்று ஜட்காவை எதிர்பார்த்தேன். மௌரீன் இறங்கி வந்து நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தது. ஆயா கதவருகே உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அக்கா எதையெதையோ கேட்டாள், எந்த வகுப்பு, யார் தலை பின்னுகிறார்கள், பல் எப்போது விழுந்தது. குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிற்று. ரோஸ் குக்கியைத் தொடவில்லை. நேரம் முடியப் போகிற சமயத்தில் தானாகவே வாயைத் திறந்தது.

"அன்னிக்கு ஏம்மா நீ வரல?"

"என்னிக்குக் கண்ணு?"

"கோர்ட்டுக்கு. அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனார். துரை என்னைப் பாக்கணும்னு சொன்னாராம். பெஞ்சில உக்காந்திருந்தேன். சிவப்புப் பட்டை போட்ட ஒருத்தர் வராண்டாவுக்குப் போய் உன் பேரைச் சத்தமாக் கூப்பிட்டார். மூணு தரம். நீ வந்துடுவேன்னு நான் எழுந்து நின்னுட்டேன். துரைகூட வாசலையே பாத்தார். கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னார். அப்புறம் இன்னொரு தரமும் கூப்பிடச் சொன்னார்."

சேஷகிரி அன்றைக்கு எங்களுக்காக ஆஜராகவில்லை. அதனால் இது எங்கள் யாருக்குமே தெரியாது. அக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில், குழந்தையின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா கோவில்ல இருந்தேன் கண்ணு. காலையிலேருந்து முழங்கால்லயே இருந்தேன். உன்னை என்கிட்டத் தரச்சொல்லி மாதாகிட்டக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

மௌரீன் புரியாமல் அவளைப் பார்த்தது.

"ஆனா நான் கோர்ட்டிலதானே இருந்தேன்" என்றது.