அலமாரியில் ஒரு கால்

வேனைப் படுக்கையறையாக மாற்றுகிறவர்கள் ஒரு முறையாவது செய்துவிடுகிற தப்பு ஒன்று உண்டு. வெறும் தகரத்தை அளந்துவிடுவார்கள். பிறகு குளிருக்காக அந்தத் தகரத்தின் மேல் ஆட்டுக் கம்பளியைத் திணித்து, அதன் மேல் தேவதாருப் பலகை அடிப்பார்கள். நாலு விரல் அகலம் எங்கே போயிற்று என்று அப்புறம் தலையைச் சொறிவார்கள்.

லைலும் தன் வேனில் அதைத்தான் செய்தார். பின்கதவின் தகரத்திலிருந்து அளந்து சமையல் அலமாரிக்கு இடம் குறித்தார். அலமாரியைத் தரையோடு திருகி, தொட்டி வைத்து, குழாய் இழுத்து, அடுப்பையும் பொருத்தி முடித்த பிறகுதான் பின்கதவுக்குக் கம்பளி வைத்தார். ஆறடி இரண்டு அங்குல மனிதர் அலமாரிக்கும் பின்கதவுக்கும் நடுவில் தனக்கென்று கட்டிய கட்டில் ஆறடிக்கும் குறைந்துபோயிற்று. செய்து முடித்த அலமாரியைப் பிடுங்க மனம் வரவில்லை. அதன் முதுகில் ரம்பத்தால் ஒரு ஓட்டை போட்டார். அதன் பிறகு மூன்று குளிர்காலம் அவருடைய பாதங்கள் அலமாரிக்குள்ளே, சூப் சட்டிக்கும் வாணலிக்கும் நடுவில் தூங்கின.

காலையில் காப்பி போட அவர் மனைவி வெர்னா அலமாரியைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தக் கால்கள்தான். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, "காலை எடு, சட்டியில படுது" என்பாள். பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் ஆடும். பனிச்சறுக்கு மலையின் அடிவாரத்து வண்டித் திடலில் வரிசையாக நிற்கிற வேன்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். வெர்னாதான் சொன்னாள். 'அளவுக்காரர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது லைல் விழுந்தார். எழவில்லை.

அன்றிலிருந்து வெர்னாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பசி தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்ததும் வழக்கம்போலப் பேருந்தை ஓட்டினாள். பிள்ளைகளை ஏற்றினாள், இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மண்டியிட்டபோது, அவரைத் திருப்பிக் கொடு என்று அவள் கேட்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் கொடு, போதும் என்றுதான் கேட்டாள். அது வரவில்லை. முப்பது வருஷமும் நான் அந்த மனுஷனை நேசிக்கவே இல்லையோ என்று ஒரு பயம் அவளுக்குள் எங்கோ அடியில் கிடந்தது. அந்தப் பயம்கூட மரத்துப்போய்த்தான் இருந்தது.

லைலின் அக்கா மகன் கர்ட் குழாய் வேலை செய்கிறவன். வேனைக் கேட்டான். "உள்ள இருக்கறதையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு என் சாமான் ரேக்கை மாட்டிக்குவேன் அத்தை. உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டான்.

"பிடுங்கிக்கோ" என்றாள். சொன்ன பிறகு உள்ளே ஏதாவது வலிக்கிறதா என்று காத்திருந்து பார்த்தாள். இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரக் கடைசியில் அந்த வேன் வரிசை எப்போதும் அதே மலையில் கூடும். கடைசியாக ஒரு தடவை வா என்று தோழி டோரிஸ் விடாமல் இழுத்ததால் வெர்னா வந்தாள். ஞாயிறு காலைப் பிரார்த்தனை முடிந்ததும் கர்ட் மலைக்கே வந்து வேனை ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வெர்னா டோரிஸோடு வீடு திரும்புவாள்.

டோரிஸின் வண்டி பக்கத்தில்தான் நின்றது. பள்ளிக்கூடத்துக் குட்டிப் பேருந்தை வாங்கி நீல வண்ணம் அடித்து அவளே கட்டியது. வெள்ளிக்கிழமை வெர்னாவின் வேனுக்குள் எட்டிப் பார்த்தபோது, அலமாரி ஓட்டையில் ஒரு பழைய தலையணை திணித்திருந்ததை அவள் கவனித்தாள்.

"காத்து வருது" என்றாள் வெர்னா.

மூடிய அலமாரிக்குள்ளிருந்து காற்று எப்படி வரும் என்று டோரிஸ் கேட்கவில்லை. "ஆமா, இந்த வருஷம் குளிர் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பனி கொட்டியது. மதியத்துக்குள் மலையில் மின்சாரம் போயிற்று. சறுக்குகிறவர்களை மேலே ஏற்றுகிற லிஃப்ட் நின்றது. கீழே போகிற சாலைக்கு மேல் பனி கனத்துத் தொங்கியதால், வெடி வைத்துச் சரிக்கும் வரை போக்குவரத்து இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வேன்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம். அவரவர் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள். வெர்னா முட்டைக்கோஸை நறுக்கி, உருளைக்கிழங்கும் தக்காளியும் வெண்ணெயும் சேர்த்து போர்ஷ்ட் வைத்தாள். பசிக்கவில்லை. சனிக்கிழமை வைக்கிற சூப், அதனால் வைத்தாள்.

கதவை யாரோ இடித்தார்கள். டோரிஸ்.

"வெர்னா, உன் கட்டில் வேணும்."

"எதுக்கு?"

"மேல ஒருத்தர் முட்டியை முறிச்சுக்கிட்டார். கட்டை வெச்சுக் கட்டியிருக்காங்க, காலை மடக்கக் கூடாது. முதலுதவி அறையில கரண்ட் இல்ல, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. சாலை திறக்கற வரைக்கும் சூடா ஒரு இடத்துல படுக்க வைக்கணும்."

"உன் வண்டி பெருசாச்சே."

"என் கட்டில் குறுக்க போட்டது. இவர் பனைமரம் மாதிரி இருக்கார்டீ! மத்தவங்க கட்டில் எல்லாம் கீழ சறுக்குப் பலகை வைக்கறதுக்குன்னு நெஞ்சு உசரத்துல கட்டினது. அவ்வளவு மேல தூக்க முடியாது. உன்னோடதுதான் தாழ்வு. அப்புறம்..." டோரிஸ் கொஞ்சம் தயங்கினாள். "உன்னோடதுலதான் அந்த ஓட்டை இருக்கு."

வெர்னா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு போய்த் தலையணையை உருவினாள். சட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

பின்கதவைத் திறந்து, நாலு பேர் சேர்ந்து, அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுவது போல அவரைக் கால் முன்னாக உள்ளே தள்ளினார்கள். மலைக் காவல் பணியிலிருந்த ஷானா என்ற பெண் தலைப்பக்கம் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டை கட்டிய கால் நேராக ஓட்டைக்குள் போயிற்று. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

"ஐயோ சாமி" என்றார் படுத்திருந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "என் சொந்த வீட்டுக் கட்டில்லயே எனக்குக் கால் வெளிய தொங்கும். யார் கட்டினது இது?"

"என் வீட்டுக்காரர்."

"கெட்டிக்காரர்."

"தப்பா அளந்துட்டார்" என்றாள் வெர்னா.

அவர் பெயர் ராலண்ட். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கோதுமை விவசாயம். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலியில் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாலும் வாய் ஓயவில்லை. ஷானா ஈரக் காலுறையைக் கழற்றி, பாதத்தைப் பார்த்து, "ரத்தம் ஓடுது, பயமில்ல. ஆனா பனியில ரொம்ப நேரம் கிடந்ததால விரலெல்லாம் விறைச்சிருக்கு. தேய்க்காதீங்க. சூடா பொத்தி வெச்சா போதும்" என்றாள். இன்னும் லிஃப்டில் மாட்டியிருந்தவர்களை இறக்க வேண்டும் என்று ஓடினாள். டோரிஸ் வெந்நீர்ப் பை கொண்டுவரப் போனாள்.

"என்ன வாசனை அது?" என்றார் ராலண்ட்.

"போர்ஷ்ட்."

"போர்ஷ்ட்டா! எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் உக்ரைன்லேருந்து வந்தவங்க அக்கா. ஒரு கிண்ணம் குடுங்க, தெய்வம் மாதிரி கும்பிடறேன்."

வெர்னா ஊற்றிக் கொடுத்தாள். அவர் தலையை உயர்த்திக் கிண்ணத்துக்குள் பார்த்தார். "இதுல பீட்ரூட் எங்க?"

"இந்தப் பக்கம் போடறதில்ல. முட்டைக்கோஸ்தான்."

"பீட்ரூட் இல்லாம இதை போர்ஷ்ட்னு எங்க ஊர்ல சொன்னா ஊரை விட்டே தள்ளி வெச்சிடுவாங்க."

"வேண்டாம்னா குடுங்க."

"குடுத்துட்டு? நான் என்ன அவ்வளவு ரோஷக்காரனா?" கண்ணை மூடிச் சின்னதாக ஜெபம் சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். "தள்ளி வெச்சாலும் பரவாயில்ல" என்றார்.

வெர்னா இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுச் சட்டியை மூடத் திரும்பினாள். மூடியைத் தேடி அலமாரிக் கதவைத் திறந்தாள். வாணலிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கால் இருந்தது.

"காலை எடு, சட்டியில படுது" என்றாள்.

வாய்தான் சொல்லிற்று. கரண்டி தட்டுவதற்கு உயர்ந்தும்விட்டது. அப்படியே நின்றாள்.

"எடுக்க முடியாதே அக்கா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கட்டி வெச்சிருக்காங்களே. எங்க படுதுன்னும் எனக்குத் தெரியல. முட்டிக்குக் கீழ கால் இருக்கான்னே தெரியல."

கட்டைவிரல் ஆடவில்லை. வெர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, அலமாரி முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பொத்திப் பிடித்தாள். ஆற்றுக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. தேய்க்கக் கூடாது. சும்மா பிடித்திருந்தாள். கோவிலில் மண்டியிட்டு அத்தனை மாதம் அவள் கேட்டதெல்லாம் எங்கே போயிற்றோ, இப்போது எதையும் கேட்கத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கால் சூடாக வேண்டும், அவ்வளவுதான்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

ஹீட்டர் சீறிக்கொண்டிருந்தது. வெளியே எங்கோ மலைமேல் வெடிச் சத்தம் கேட்டது. சட்டிகள் லேசாகக் கிணுகிணுத்தன.

"இப்போ?"

"இல்லக்கா. உங்களுக்கு முட்டி வலிக்கப்போகுது. விட்டுடுங்க."

"பேசாம இருங்க."

அலமாரியின் மூலையில், உப்பு டப்பாவுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் என்னவோ சுருண்டு கிடந்தது. ஒரு கையால் இழுத்தாள். லைலின் கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி. போன வருஷத்திலிருந்து அங்கேயே கிடக்கிறது. தூக்கத்தில் உதைத்துக் கழற்றிவிட்டு, காலையில் தொலைந்துவிட்டது என்று வரிசை முழுக்கப் போய்த் தேடினாரே, அதுதான். ஒன்றை எடுத்து அந்தப் பாதத்தில் மாட்டி, அதன் மேல் மறுபடி கையைப் பொத்திக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை. முதலில் அவள் கைகளில்தான் தெரிந்தது. அந்தக் குளிர் விரல் வழியே ஏறி, மணிக்கட்டில் கடுகடுவென்று வலித்தது. வலிக்கிறது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்குப் புரிந்தது.

"அக்கா" என்றார் ராலண்ட். குரல் மாறியிருந்தது. "ஊசி குத்தற மாதிரி இருக்கு. ஆ, ஆ! வந்துடுச்சு!"

காலுறைக்குள்ளே கட்டைவிரல் ஆடிற்று.

வெர்னாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வெந்நீர்ப் பையோடு உள்ளே ஏறிய டோரிஸ் அதை அழுகை என்று நினைத்துப் பயந்துபோனாள். அது சிரிப்பு. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெர்னா சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டது ஒன்று, வந்தது வேறு ஒன்று. கடவுள் கொடுக்கும்போது நாம் நீட்டின பாத்திரத்தில்தான் போடுவார் என்றில்லை.

"என்னடி?" என்றாள் டோரிஸ்.

"காலுறை கிடைச்சுடுச்சு" என்றாள் வெர்னா. மூக்கு ஒழுகிற்று. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

டோரிஸ் அந்தக் காலையும் சாம்பல் நிறக் காலுறையையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தோழியின் கைகளுக்கு நடுவில் வெந்நீர்ப் பையை வைத்தாள்.

சாயங்காலம் சாலை திறந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ராலண்டைப் பின்கதவு வழியாக உருவி எடுத்தபோது, அவர் காலுறையைக் கழற்றச் சொன்னார்.

"போட்டுட்டுப் போங்க" என்றாள் வெர்னா. "இந்தாங்க, இன்னொண்ணு. ஒத்தைக் காலுறையை வெச்சு நான் என்ன பண்றது?"

"அடுத்த வருஷம் கொண்டுவந்து தரேன். பீட்ரூட்டும் கொண்டுவரேன்."

"முதல்ல ஒழுங்கா சறுக்கக் கத்துக்கிட்டு வாங்க."

வண்டி போயிற்று. திடலில் பனி கொட்டுவது நின்றிருந்தது. ஒவ்வொரு வேனிலும் மஞ்சளாக விளக்கு. வெர்னா கைபேசியை எடுத்துக் கர்ட்டைக் கூப்பிட்டாள்.

"ரோடு திறந்துட்டாங்களாமே அத்தை. காலையில வந்துடறேன்."

"வராதே கர்ட்."

"ஏன், வண்டியில ஏதாவது கோளாறா?"

"அலமாரியில ஒரு ஓட்டை இருக்கு."

"தெரியுமே. மாமா போட்டது. அதான் எல்லாத்தையும் பிடுங்கப் போறேனே, அது ஒரு பிரச்சினையா?"

"அதனாலதான் வராதேங்கறேன்" என்றாள். அவன் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. அது அவளுக்கு உறைத்தது. அதுவே புதிதாக இருந்தது. "மன்னிச்சுக்கோடா கண்ணா. உன் சாமான் ரேக்குக்கு வேற வண்டி பார்க்கலாம். நானும் கூட வந்து தேடறேன்."

உள்ளே வந்து மீதி சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, டோரிஸைக் கூப்பிட்டாள். இருவரும் ஜெபம் சொல்லிவிட்டு உண்டார்கள். வெர்னாவுக்குப் பசித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் உப்புக் கொஞ்சம் குறைவு என்று நாக்கில் தெரிந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து உப்பு டப்பாவை எடுத்தாள்.

டோரிஸ் போன பிறகு சூப் சட்டியை வெந்நீரில் கழுவி அலமாரியில் வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தாள். தலையணை தரையில் கிடந்தது. அதை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். ஓட்டை திறந்தே இருந்தது. அவள் குள்ளம். என்ன நீட்டினாலும் அவள் கால் அதுவரைக்கும் எட்டாது. கொஞ்சம் கீழே நகர்ந்து, நீட்டிப் பார்த்தாள். விரல் நுனி அலமாரிக்குள் போயிற்று. சூப் சட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.