மாரி, வினி

மழை என்றால் சாதாரண மழையா அது! வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தது, சனிக்கிழமை காலை வரைக்கும் விட்டபாடில்லை. வெட்டி முடித்த கரும்புக் கொல்லைகளெல்லாம் சொதசொதவென்று கிடந்தன. மலை இருந்த இடத்தில் மலையைக் காணோம், வெறும் வெள்ளைப் புகைதான். அப்படிப்பட்ட நாளில் தெய்வானை கோணிச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் அண்ணன் விநாயகம். தெரியாமல் கேட்கவில்லை.

"பாட்டுக்கு."

"இந்த மழையில யாரு பாடுவா? தவளைதான் பாடும்."

"அதையும் கேட்டுட்டு வரேன்."

இருவரும் பேசியது கிரியோலில், அந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்புப் பேச்சில். மொரீஷியஸில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் கோயிலுக்கு உடுத்துகிற பட்டுப்புடவை. உடுத்திப் போய்க் கும்பிட்டு வந்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். நம் வசதிக்காக இங்கே தமிழில் சொல்லிக்கொள்வோம்.

பாட்டு என்று அவள் சொன்னது ஐயாசாமியின் கொல்லையில் நடக்கிற பாட்டுக்கூட்டம். ரிவியேர் டு ராம்பாரில் பதினைந்து ஏக்கர் கரும்பு போடுகிறவர் ஐயாசாமி. வருஷா வருஷம் டிசம்பரில் கடைசிக் கரும்பு வண்டி ஆலைக்குப் போனதும், வெறுமையான கொல்லையைப் பாட்டுக்கு விட்டுவிடுவார். தெற்கேயிருந்து பிடில்காரர்கள் வருவார்கள், பாம்பூவிலிருந்து ஆட்டுத்தோல் ரவான் மேளக்காரர்கள் வருவார்கள், சுற்றுவட்டாரக் கோயில் பஜனைக்காரர்கள் வருவார்கள். நடுப்பகலில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை மாற்றி மாற்றி நடக்கும்.

விநாயகம் குரலைத் தாழ்த்தினான். "இத பாரு, மூணு வருஷமா மனசுல ஒருத்தன் இருக்கான்கற. மாதா கோயில்காரன்னாலும் சரின்னுட்டேன். அவன் வாயைத் திறந்து கேக்க வேண்டாமா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்? நாளைக்குப் பத்து மணிக்குப் பாம்பூக்காரங்க தட்டு மாத்த வராங்க. ரெண்டு சம்பந்தத்தை உனக்காகத் தட்டிக் கழிச்சாச்சு. இன்னைக்கு அவன் ஒரு வார்த்தை சொன்னா, மூணாவதையும் கழிச்சிடறேன். சொல்லலைன்னா நீ எதிர்த்துப் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்றாள் தெய்வானை.

அந்த ஒருத்தன் பெயர் லுசியான். ரிவியேர் தே ஸாங்கீயில் தச்சு வேலை. பிடிலும் அவன் கையால் செய்ததுதான். அவனுடைய முப்பாட்டனும் தெய்வானையின் முப்பாட்டனும் ஒரே கடற்கரையிலிருந்து கப்பலேறினவர்களாக இருக்கலாம், யார் கண்டது? இவர்கள் அம்மனோடு இருந்துவிட்டார்கள், அவர்கள் மாதாவிடம் போய்விட்டார்கள். லுசியான் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு ரயில் மாறி வருவான். அவள் பக்கத்தில் உட்காருவான். நரம்பு ஈரத்தில் தளர்கிறதைப் பற்றி, பலா மரத்தின் வாசனையைப் பற்றி, ஏதேதோ பேசுவான். சாயங்காலம் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு ரயிலேறிவிடுவான். அப்புறம் அடுத்த டிசம்பர். நல்ல பிள்ளைதான், ஆனால் இப்படியும் ஒரு அழுத்தக்காரன் உண்டா?

கண்ணம்மா வண்டியோடு வந்து நின்றாள். காய்கறி வியாபாரம் செய்கிறவள். மாட்டை அவள் அதட்டினால் புருஷனும் சேர்ந்து நடுங்குவான் என்று ஊரில் சொல்வார்கள். பின்னால் ஜோர்ஜெத் தார்ப்பாய்க்குள் சுருண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள், மற்ற ஆறு நாளும் இவர்களோடு அரட்டை.

"ஏறுடி கல்யாணப் பொண்ணே" என்றாள் கண்ணம்மா. "மாப்பிள்ளை யாருன்னுதான் இன்னும் தெரியல."

வண்டி நகர்ந்தது. பாதை முழுக்கத் தண்ணீர் ஓடியதால் சக்கரச் சத்தமே இல்லை. படகில் போவது போலிருந்தது. இரண்டு பக்கமும் வெட்டின கரும்பின் அடிக்கட்டைகள், நடுநடுவே பொறுக்கிக் குவித்த கருங்கல் மேடுகள், எல்லாம் மழைக்குள் கரைந்து கரைந்து மறுபடி தோன்றின. ஆலைப் பக்கத்திலிருந்து பாகு வாசனை வந்தது. ஜோர்ஜெத் ஏதோ கதை சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டாள். தெய்வானைக்கு விழிப்புமில்லை, தூக்கமுமில்லை. இந்த வண்டி எங்கேயும் போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வராது என்று தோன்றியது. அந்த நினைப்பே இதமாக இருந்தது.

அப்போதுதான் பிடில் கேட்டது. எந்தத் திசையென்று தெரியவில்லை. மழையோடு சேர்ந்து இறங்குகிற மாதிரி ஒரு இழுப்பு, நின்று, மறுபடி ஒரு இழுப்பு. மாடுகூடக் காதைத் திருப்பியது.

"வந்துட்டான்டி" என்றாள் கண்ணம்மா.

கொல்லையில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மற்ற வருஷம் முந்நூறு பேர் வருவார்கள். வந்தவர்கள் வந்த வீம்புக்காகவே குஷியாக இருந்தார்கள். வாழையிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வண்டிக்கடியில் உட்கார்ந்து மிளகாய் வடை தின்றார்கள். மாடு அவிழ்த்த பெரிய கரும்பு வண்டிதான் மேடை. லுசியான் ஒரு தார்ப்பாய்க்கடியில் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். தெய்வானையைப் பார்த்ததும் வில் ஒரு கணம் தப்பியது. அவளுக்கு அந்தத் தப்பின சுருதியே போதும் போலிருந்தது. போதாது, நாளைக்குப் பத்து மணிக்குப் போதவே போதாது.

வாசித்து முடித்து வந்தான். "வருவன்னு நினைக்கல" என்றான்.

"நீ ரெண்டு ரயில் மாறி வரப்ப, நான் ஒரு வண்டியில வர மாட்டேனா?"

அவன் சிரித்தான். எனாமல் மக்கில் இருந்த டீயைப் பாதி குடித்துவிட்டு அவளிடம் நீட்டினான். ஆறு பெருகுகிறதாம், அதனால் கடைசி ரயிலை நாலு மணிக்கே எடுக்கப்போகிறார்களாம். சொல்லிவிட்டுப் பிடிலின் வயிற்றைத் துணியால் துடைத்தான். துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்குப் பாம்பூவுலேர்ந்து ஆளுங்க வராங்க" என்றாள் தெய்வானை. "ராமசந்திரன்னு பேரு. தட்டு மாத்தப் போறாங்க."

துணி நின்றது. "நல்ல குடும்பமா?" என்றான்.

"நல்ல குடும்பம்."

"சொந்த நிலம் இருக்கா?"

"இருக்கு."

அவன் தலையை ஆட்டினான். மழையைப் பார்த்தான். முகம் செத்துப்போயிருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. தெய்வானைக்கு அந்த டீ மக்கை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது. எழுந்து போய்விட்டாள்.

இதற்குள் பாம்பூ மேளக்காரர்கள் மல்லாடிக்கொண்டிருந்தார்கள். ரவான் தோலை நெருப்பில் காட்டினால்தான் விறைப்பாகும்; நெருப்போ பிடிக்கவே மாட்டேனென்றது. தட்டினால் ஈரத்துணியை அறைகிற சத்தம் வந்தது. பஜனை ஆர்மோனியமும் நனைந்து ஊமையாகிவிட்டது. மிச்சமிருந்தது மனுஷக் குரல் ஒன்றுதான்.

"தெய்வானை பாடுவா!" என்று கத்தினாள் கண்ணம்மா. "மழையை நிறுத்தற பாட்டு!"

மாட்டேன் என்பதற்குள் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அம்மன் கோயிலில் அடைமழைக்குப் பாடுகிற பாட்டு அது. 'மாரி, வினை தீர்ப்பாய்' என்று தொடங்கும். பூசாரி வாயால் சொல்லச் சொல்ல, பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துப் பாடம் பண்ணினது. எழுத்து மாறி, வாய் மாறி, 'வினை' எப்போதோ 'வினி' ஆகிவிட்டது. மாரியென்றால் அம்மன், அது அவளுக்குத் தெரியும். வினியென்றால் என்னவென்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கோயிலுக்குள் போனால் காதும் செருப்போடு வெளியே நின்றுவிடுமோ என்னவோ!

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குரல் நனைந்து கனத்திருந்தது. "மாரீ..." என்று நீட்டி, மூச்சு வாங்கி, "வினீ..." என்று இறக்கினாள். ஈரமான அந்த வெளியில் அது எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. தான் பாடுவதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. மழைக்குள் யாரோ பாட, தான் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

முதலில் ஒரு மேளக்காரன் சிரித்தான். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் கொல்லையே குலுங்கியது.

"புருஷனைக் கூப்பிடுறாப்பா! யாரந்தப் புண்ணியவான்? சீக்கிரம் போய்யா!"

ஜோர்ஜெத் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பில் கண்ணீர் வழிய மேலே பார்த்துச் சொன்னாள்: "அடியே, நம்ம பேச்சுல மாரின்னா என்ன? வினின்னா என்ன? நீயே சொல்லிப் பாருடி!"

தெய்வானை சொல்லிப் பார்த்தாள். கிரியோலில் 'மாரி' புருஷன். 'வினி' என்றால் வா. பொழுது விடிந்து பொழுது போனால் நூறு தடவை பேசுகிற வார்த்தைகள்! புருஷா வா, புருஷா வா என்று இத்தனை வருஷம் கோயிலில் நின்று பாடியிருக்கிறாள், அம்மனும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். காது மடல் சுட்டது. குதித்து ஓடிவிடலாமென்று பார்த்தாள்.

ஓடவில்லை. தூரத்தில் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒருமுறை ஊதியது. நாலாகப் போகிறது. எதிரே தார்ப்பாய்க்கடியில் லுசியான் பிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குள் ஏதோ பொங்கியது. கோபமா, ஆசையா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. போனால் போகட்டும், இந்தத் தடவை தெரிந்தே பாடுகிறேன் என்று நிமிர்ந்தாள்.

கண்ணை மூடவில்லை. அவனை மட்டும் பார்த்து, கொல்லையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்படி, "மாரீ... வினீ..." என்று கூப்பிட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் அவள் பார்வையைப் பிடித்துக்கொண்டு போய் லுசியான் மேல் நின்றது.

லுசியான் தார்ப்பாயை விட்டு மழையில் வந்தான். அவன் தொப்பியைக் கழற்றினான். தலையைக் குனிந்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசைய நின்றான்.

அடப்பாவி மனுஷா! மாதாவின் பெயரும் அவர்கள் வாயில் மாரிதானே! ஊரே புருஷன் என்று கேட்டதை இவன் ஒருத்தன் மாதா என்று கேட்டு செபம் பண்ணிக்கொண்டு நிற்கிறான்!

தெய்வானை வண்டியிலிருந்து குதித்தாள். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டுப் போனாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"லுசியான், கண்ணைத் திற. நான் உங்க மாதாவைக் கூப்பிடல."

திறந்தான். "உங்க அம்மனையா?"

"அவளையும் இல்ல. உன்னைத்தான். எனக்குப் புருஷனா வான்னு கூப்பிட்டேன்." சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "இதை நீ கேக்கணும்னு மூணு வருஷம் காத்திருந்தேன். உன்னால முடியல. சரி, நானே கேட்டாச்சு. இஷ்டமில்லைன்னா சொல்லிட்டு ரயிலேறு. நான் தட்டை மாத்திட்டுப் போறேன்."

அவன் கையில் மல்லாந்திருந்த தொப்பியில் மழை நிறைந்துகொண்டிருந்தது. "உன்னை உன் அம்மன்கிட்டேருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போற பாவம் எனக்கு வேண்டாம்னு நினைச்சேன்" என்றான். "ஒவ்வொரு வருஷமும் கேட்டுடலாம்னுதான் வருவேன். திரும்பிப் போறப்ப ரெண்டு ரயில்லயும் அழுதுட்டேதான் போவேன்."

"யாரு பிரியறா? அவ என்கூட வருவா. உங்க மாதாவை ஒரு ஓரமா நகர்ந்து உக்காரச் சொல்லு. ஒரே பேருக்காரங்கதானே, பொம்பளைங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குவாங்க."

லுசியான் சிரித்தான். என்ன செய்கிறோமென்று தெரியாமல் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். தொப்பித் தண்ணீர் முழுக்க முகத்தில் கொட்டியது. மேளக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். கண்ணம்மா இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கையடித்தாள். ரயில் இன்னொருமுறை ஊதிவிட்டுக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"பாம்பூக்காரங்க எத்தனை மணிக்கு வராங்க?" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பத்துக்கு."

"அப்ப நான் ஒன்பதுக்கு வந்து உங்க அண்ணனைப் பாக்கறேன்."

தெய்வானை அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். "உன்னை நம்பி ராத்திரி பூரா முழிச்சிருக்க என்னால ஆகாது" என்றாள். "இப்பவே வண்டியில ஏறு."