டோரா பிக்ஸின் அட்டைகள்

டோரா பிக்ஸுக்கு ஒரே ஆசைதான். திரையில் தன் பெயர் வர வேண்டும். நியூயார்க்கில் அவள் எழுதிய நாடகம் ஓடியபோது கொட்டகை வாசலில் கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. ஹாலிவுட்டுக்கு வந்து படம் படமாக எழுதித் தள்ளியாயிற்று, ஒன்றிலாவது வந்ததா? மூச்! "கதை: ஹைமன் கிரம்" என்றுதான் வரும். கிரம் படமுதலாளி. எழுத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற மனுஷன்.

ஒரு நாள் கிரம் வியர்த்து வழிய ஓடிவந்தார்.

"குடி முழுகிப் போச்சும்மா டோரா! நேத்து படத்தை ஓட்டிப் பார்த்தோம். காதல் காட்சியில காது கேக்காதவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க!"

ஊமைப்படம்தானே, வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்று நடிகர்களுக்கு நினைப்பு. நாயகன் ரெஜிக்கும் நாயகி லோலாவுக்கும் ஏழாம் பொருத்தம். நிலவொளியில் கட்டிப்பிடித்தபடி அவன், "வெங்காயமா தின்னே, பிசாசே?" என்கிறான். அவள், "உன் டோப்பா நழுவுது, பார்த்துக்கோ" என்கிறாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"திரும்ப எடுங்களேன், முதலாளி."

"ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டேங்கிறாங்கம்மா!"

"அப்ப நடுவுல வர்ற வசன அட்டைகளை மட்டும் மாத்துவோம். காதலர்களைப் புருஷன் பொண்டாட்டி ஆக்கிடறேன். சண்டை சண்டையாவே இருக்கட்டும். ஆனா கதைன்னு என் பேரைப் போடணும்."

"தாராளமா! எங்கம்மா மேல சத்தியம்!"

அந்த அம்மா மேல் அவர் ஏற்கெனவே எத்தனை சத்தியம் செய்திருக்கிறார்! டோரா எழுதப் போனாள். அவள் எழுதிக் கொடுத்ததை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

படம் வெளியான அன்று விளக்கு அணைந்தது. "கதை: ஹைமன் கிரம்." டோராவுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, 'பொறு மகனே' என்று உட்கார்ந்திருந்தாள்.

ரெஜி வாயைத் திறந்தான். அட்டை வந்தது: "வெங்காயமா தின்னே, டோரா பிக்ஸ்?"

வழக்கம்போலக் கூட்டம் அட்டையைச் சத்தமாகப் படித்தது. கொட்டகையே அதிர்ந்தது. ஒவ்வொரு சண்டையிலும் புருஷன் பெண்டாட்டியை முழுப்பெயர் சொல்லித்தான் கத்தினான். அவன் நிஜமாகச் சொன்னது பிசாசே என்று தெரிந்தவர்கள் இரண்டு மடங்கு சிரித்தார்கள்.

கிரம் பல்லைக் கடித்தார். "அந்தப் பேரை வெட்டி எறிஞ்சிடுவேன்!"

"எறிங்களேன். சிரிப்பும் கூடவே போயிடும்."

கூட்டம் மறுபடி சிரித்தது. கிரம் தொப்பியைக் கசக்கினார். "அடுத்த படத்துல முதல்லயே போட்டுத் தொலைக்கிறேன், தாயே!"

வாசலில் ஒருவன் தன் மனைவியைச் சீண்டினான்: "வீட்டுக்குப் போலாமா, டோரா பிக்ஸ்?"

முன்னால் போய்க்கொண்டிருந்த டோரா, "யாரு, என்னையா?" என்று திரும்பினாள்.

"உங்களை இல்லம்மா" என்றான் அவன்.